ஆறாவது கிளிப்

எங்கள் ஊரான ராஸ்வெல்லில் போய் அடெலினா மொன்தோயா வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஓரனைக் கீழே இறக்கின பொம்பளை வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள், பெட்ரோல் போட வந்தவர்கூடக் கையை நீட்டி வழி சொல்வார். முப்பத்தொரு வருஷ உழைப்பு ஒரே காலையில் இப்படி ஒரு பட்டப்பெயராகச் சுருங்கிவிட்டது. சொல்லிச் சிரிக்கிறவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு பாராசூட்டை மடித்ததில்லை. மீன் பிடிக்கப் போனால் கூடாரத்தைத் திரும்பப் பைக்குள் திணிக்கத் தெரியாமல் வண்டிக்குப் பின்னால் குவியலாகப் போட்டுக்கொண்டு வருகிற ஆட்கள். இவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அடெலினா பக்கத்து ஊரான டெக்ஸ்டரில் பிறந்தவள். அப்பா அடுத்தவர் நிலத்தில் குதிரைமசால் தீவனம் அறுத்துக் கட்டுப் போடுகிறவர். பத்தொன்பது வயதில் இங்கே இருந்த பஸ் தொழிற்சாலையில் இருக்கை தைக்கச் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பழைய விமானத் தளத்தில் பாராசூட் கொட்டகைக்குத் தையல் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். கிழிசல் தைக்கத்தான் எடுத்தார்கள். அவள் மூன்று வருஷத்தில் பரீட்சை எழுதி, முதல் தடவை கோட்டை விட்டு, இரண்டாம் தடவை தேறி, மடித்து முத்திரை வைக்கும் உரிமத்தையும் வாங்கிவிட்டாள்.

குதிக்கிறவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவதை அவரவரே மடித்துக்கொள்ளலாம். அது ஏமாற்றினால் விரிய வேண்டியதற்கு ரிசர்வ் என்று பெயர். அதை உரிமம் உள்ளவர்தான் மடித்து, மூடி, சிவப்பு நூலால் கட்டி, நூல் முடிச்சில் ஈயத்தை நசுக்கித் தன் அடையாளத்தைப் பதிக்க வேண்டும். ரிசர்வால் உயிர் பிழைத்தவர் அதை மடித்தவருக்கு ஒரு பாட்டில் விஸ்கி கொண்டுவந்து கொடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அடெலினா குடிக்க மாட்டாள். அவள் சமையலறை அலமாரியின் மேல் மூடி திறக்காத பாட்டில்கள் பதினேழு நின்றன. தண்ணீர் லாரி ஓட்டும் அவள் கணவன் லாசரோ அதை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

"பதினேழு பேரைக் காப்பாத்தினவ, வீட்டுக்குள்ள தாகத்துல சாகிறவனைக் காப்பாத்த மாட்டேங்கிறா பாரு."

மடிக்கும் கொட்டகையில் இரண்டு விதிகள் உண்டு. வேலை நடக்கும்போது கதவில் சிவப்புத் துணி தொங்கும்; அதைத் தாண்டி யாரும் உள்ளே வரக் கூடாது. மீறி யாராவது வந்து பேச்சுக் கொடுத்துவிட்டால், அதுவரை மடித்தது எல்லாவற்றையும் உருவிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கவனம் அறுந்த இடம் எது என்று மடித்தவளுக்கே தெரியாது, அதனால்தான். இரண்டாவது விதி, மூடுவதற்கு முன்னால் கருவிகளை எண்ண வேண்டும். அடெலினா துணி மடிப்புகள் நழுவாமல் பிடித்து வைக்க ஆறு கிளிப்புகள் வைத்திருந்தாள், துணி காயப்போடுகிற கிளிப் மாதிரிதான், ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா. ஒன்று உள்ளே தங்கிவிட்டால் பாராசூட் விரிகிற வேகத்தில் கயிறு அதில் சிக்கும், துணி கிழியும். மடித்தவளுக்குப் பாட்டில் வராது. பிணம்தான் வரும்.

ஓரன் டட்லி ஊர்க்காரன்தான். வயலுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் ஓட்டுகிறவன். பலூனில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அடி ஏறி அங்கிருந்து குதிக்க வேண்டும், இதுவரை யாரும் குதிக்காத உயரம் அது என்று பதினோரு வருஷமாக அதையே பிடித்துக்கொண்டு தொங்கினான். அந்தப் பலூன் காய்கறிப் பையைவிட மெல்லியது. பெட்டியிலிருந்து ஒரு தடவை வெளியே எடுத்துவிட்டால் மறுபடி உபயோகப்படாது. முதல் பலூனைக் காற்று கிழித்தது. இரண்டாவது பாதி ஏறும்போது ரேடியோ செத்துப்போய் இறக்க வேண்டியதாயிற்று. மூன்றாவதுதான் கடைசி, பணம் போட்டுப் பலூன்களை வாங்கித் தந்த கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியத்தில் ஈடுபாடு இல்லை. ஓரனுக்கு ஐம்பத்துநாலு வயது. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று டாக்டர் அந்த இலையுதிர்காலத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பே கிடையாது.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் மாலை அடெலினா அவன் ரிசர்வை மேசையில் நீளமாகப் பரப்பி, அடுக்கடுக்காக மடித்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். பாதி வேலையில் கதவு திறந்தது. ஓரன்.

"துணி தொங்குது. கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போயிடறேன்."

"என்னப்பா, வீட்டுல சண்டையா?"

"சண்டையா இருந்தா நல்லா இருந்திருக்கும்." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேசைமேல் இருந்ததை எல்லாம் தொட்டுத் தொட்டு வைத்தான். "எனக்குப் பயமா இருக்கு, அடெலினா."

"பயமே இல்லாம போறவனுக்கு நான் மடிச்சுத் தர மாட்டேன்."

"இது அந்தப் பயம் இல்ல. அந்த உயரத்துல உடம்பு சுழல ஆரம்பிச்சா நினைவு தப்பிடும்ங்கிறாங்க. நினைவு தப்பினவனுக்குக் கை ஏது, கயிறு ஏது? தானா விரியறது இது ஒண்ணுதான்." துணியின் ஓரத்தை விரலால் தடவினான். "விரியும் இல்ல?"

"விரியும்."

"நீங்க சொன்னா சரி."

ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாயிற்று. அவன் கிளம்புகிற சமயம் அவள் மடித்ததை எல்லாம் உருவிப் போடத் துணியைப் பிடித்தாள். ஓரன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"என்னால அவுக்காதீங்க."

"விதி உனக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா என் கண் முன்னாடி இதை அவுத்தா, மேலே போற வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். தயவு செஞ்சு வேண்டாம்."

அவள் விட்டுவிட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். அவன் போன பிறகு மிச்சத்தை முடித்து, மூடி, நூல் கட்டி, ஈயத்தை நசுக்கினாள். சரிபார்ப்பு அட்டையில் 'கருவிகள் சரி' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கை பழக்கத்தில் போட்ட டிக்கா, எண்ணிப் போட்டதா என்று அப்போது அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் காற்று நின்றது. ஆறே முக்காலுக்குப் பலூன் எழும்பியது. அதில் தொங்கிய கூண்டுக்குள் ஓரன், கீழே கையசைக்கிற கூட்டம், டிவிக்காரர்களின் கூச்சல். மேலே போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். மடிக்கிறவளுக்கு இனி அங்கே வேலை இல்லை. அடெலினா வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருந்த நாத்தனார் புருடென்சியாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள்.

கடையில் நிற்க இடமில்லை. பச்சை மிளகாய்க் குழம்பும் வறுத்த பன்றிக்கறியும் மணந்தன. எப்போதோ இங்கே பறக்கும் தட்டு விழுந்ததாம் என்று பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் வெளிக்கிரகத்தான் மாதிரி தலையில் பச்சை நிறக் கொம்பு மாட்டிக்கொண்டு டிவிக்கு நேராக உட்கார்ந்திருந்தார்கள். அடெலினாவைப் பார்த்ததும் புருடென்சியா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"வழி விடுங்கய்யா, எங்க அண்ணி வர்றாங்க! அங்க தொங்குற மனுஷன் முதுகுல இருக்கறது எங்க அண்ணி கைவேலை!"

"சத்தம் போடாதடி."

"ஏன் போடக்கூடாது? பக்கத்து மேசைக்காரன் அம்பது மைல் தாண்டி வந்து வெளிக்கிரகத்தான் பொம்மையோட படம் எடுத்துக்கறான். உசிரோட ஒரு அதிசயம் இங்க நிக்குது, யாராவது படம் எடுக்கறானா பாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். அடெலினாவுக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் வாழ்க்கையில் அவளுக்காக யாரும் கை தட்டியது அன்றைக்கு ஒரு தடவைதான்.

டிவியில் உயரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேரலை என்று எழுதியிருந்தாலும் இருபது விநாடி தாமதமாகத்தான் காட்டுவார்கள். ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் வெட்டிவிட வேண்டுமே. அறுபதாயிரம் அடி தாண்டியது. சும்மா இருக்க முடியாமல் அடெலினா பையிலிருந்து கருவிகள் செருகின துணிச் சுருளை எடுத்து மடியில் விரித்தாள். மற்றவர்கள் ஜெபமாலை உருட்டுகிற மாதிரி அவளுக்கு அது ஒரு பழக்கம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வளையம் தைத்திருந்தாள். கிளிப்புகளுக்கு ஆறு வளையங்கள்.

கிளிப் ஐந்துதான் இருந்தது.

மறுபடி எண்ணினாள். சுருளை உதறினாள். பையைக் கவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். புருடென்சியா தட்டை எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்ன தேடறீங்க அண்ணி?"

"ஒண்ணுமில்ல."

"முகம் சுண்ணாம்பா வெளுத்துக் கிடக்கு, ஒண்ணுமில்லயா?"

அடெலினா வெளியே ஓடினாள். வண்டியின் இருக்கைக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, கதவு இடுக்கில் எல்லாம் கை விட்டுப் பார்த்தாள். இல்லை. கொட்டகைக்கு விரட்டினாள். வழியெல்லாம் வண்டி ரேடியோவில் ஒருவன் உற்சாகமாக உயரம் சொல்லிக்கொண்டே வந்தான், எழுபத்தெட்டாயிரம், எண்பத்தைந்தாயிரம் என்று. அந்தக் குரலை நெரித்துப் போடலாம் போல இருந்தது அவளுக்கு. கொட்டகையில் மண்டியிட்டு மேசைக்கு அடியில் தேடினாள். தையல் இயந்திரத்தை நகர்த்தினாள். குப்பைக்கூடையைத் தரையில் கொட்டிக் கிளறினாள். முந்தின நாள் போட்டிருந்த மேலங்கியின் பைகளை வெளியே இழுத்துப் போட்டாள். கிளிப் இல்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றியது, பொய் சொல்வானேன். முதல் பாராசூட் விரிந்துவிட்டால் ரிசர்வைத் திறக்கவே வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை முதலாவதே விரியும். சொன்னால் அவனுடைய பதினோரு வருஷம் போச்சு, அவளுடைய உரிமம் போச்சு. சொல்லாவிட்டால் ஒருவேளை எதுவுமே நடக்காது. பத்து நிமிஷம் இப்படியே போயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தையும் அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. பிறகு, நினைவு தப்பினவனுக்குக் கை ஏது என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. எழுந்து ஓடினாள்.

கட்டுப்பாட்டு அறை வாசலில் எல்லோருடைய போனையும் ஒரு பெட்டியில் வாங்கி வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்த பெண் கையை விரித்து மறித்தாள்.

"உள்ள யாரையும் விடக் கூடாது மேடம்."

"ஸ்லேட்டரைக் கூப்பிடு."

"அவர் ரேடியோல பேசிக்கிட்டு இருக்காரு."

"அவரைக் கூப்பிடலன்னா நான் இங்க நின்னு கத்துவேன். டிவிக்காரங்க அந்தப் பக்கம்தான் நிக்கறாங்க, பார்த்தியா?"

ஸ்லேட்டர்தான் முழுப் பொறுப்பாளர். மேலே போகிறவனிடம் கீழேயிருந்து ஒரே ஒரு குரல்தான் பேச வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு, அந்தக் குரலும் அவருடையதுதான். இரண்டு நிமிஷம் என்று ஓரனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அடெலினா மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"கிளிப் உள்ளதான் இருக்குன்னு உறுதியா சொல்றீங்களா?"

"உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. வெளியில இல்லைன்னு தெரியும்."

"எண்ணினேன்னு அட்டையில டிக் போட்டிருக்கீங்களே."

"போட்டிருக்கேன்."

"எண்ணினீங்களா?"

"ஞாபகம் இல்ல சார்."

ஸ்லேட்டர் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். டிவிக்குப் போகிற ஒலியை நிறுத்தச் சொன்னார். ஓரன் அப்போது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அடியில் இருந்தான். ஸ்லேட்டர் விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னார்.

"அடெலினா அங்க இருக்காங்களா?" என்றான் ஓரன்.

"பக்கத்துல நிக்கறாங்க."

"நான் குதிக்கலாமான்னு அவங்களைக் கேளுங்க. அவங்க சரின்னா குதிக்கறேன்."

ஸ்லேட்டர் திரும்பிப் பார்த்தார். அறையில் இருந்த பதினாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் வானம் கறுப்பாகவும், அதற்குக் கீழே பூமி வளைந்தும் தெரிந்தது. ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் ஒரே தடவை பார்க்கப் போகிற காட்சி.

"வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் அடெலினா.

ஸ்லேட்டர் சொன்னார். அப்புறம், "சரி, அவங்க சொன்னா சரி," என்று ரேடியோ சொன்னது. குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. கூண்டோடு அவனை இறக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று டிவியில் அறிவித்தார்கள். கடையில் கொம்பு மாட்டினவர்கள் சீ என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்களாம், புருடென்சியா பின்னால் சொன்னாள்.

ஊருக்குக் கிழக்கே ஒரு மேய்ச்சல் நிலத்தில் கூண்டு இறங்கியது. ஓரனை டாக்டர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். ரிசர்வ் பையை மட்டும் கொட்டகைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார் ஸ்லேட்டர். "ஓரன் வந்து தன் கையால திறக்கணும்னு சொல்றான். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை மணி நேரம் அந்தப் பையோடு அவள் தனியாக இருந்தாள். நூல் அறுபடவில்லை. ஈயத்தில் அவள் அடையாளம் அப்படியே இருந்தது. அவள் அந்தோனியாரை வேண்டிக்கொண்டாள், காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே. இல்லாவிட்டால் அவனை இறக்கினது வீணாகிவிடும், அந்தக் கிளிப் உள்ளே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவனைக் கொன்றிருக்கக்கூடிய ஒரு பொருள், தன் கையால் நடந்த தப்பு, அது அங்கே இருக்கட்டும் என்று கண்ணீர் விட்டு வேண்டுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் வேண்டிக்கொண்டாள்.

சட்டைப்பையில் மற்ற ஐந்து கிளிப்புகள் இருந்தன. முத்திரை அழுத்தும் இடுக்கி மேசை இழுப்பறையில் இருந்தது. நூலை வெட்டி, ஒன்றை மடிப்புக்குள் செருகி, புது நூல் கட்டி நசுக்க ஐந்து நிமிஷம் போதும். ஒரு கிளிப்பைக் கையில் எடுத்தும்விட்டாள். சிவப்பு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அப்புறம் அதைச் சட்டைப்பையிலேயே போட்டுவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள்.

ஓரன் வந்தான். மேலே போகப் போட்டிருந்த அழுத்த உடையைக் கழற்றியிருந்தான், உள்ளாடை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பையைத் தரையில் வைத்து, காலை ஊன்றிக்கொண்டு, கைப்பிடியை இழுத்தான். நூல் அறுந்தது. பாராசூட்டை உந்தித் தள்ளும் சுருள்வில் துள்ளி வெளியே குதித்தது, கயிறுகள் ஒன்றோடொன்று உரசாமல் வரிசையாக உருவிக்கொண்டு ஓடின, வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாகத் தரையெல்லாம் சரிந்தது. ஸ்லேட்டரும் ஓரனும் மண்டியிட்டு ஒவ்வொரு மடிப்பையும் தூக்கிப் பார்த்தார்கள். உதறினார்கள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள்.

உள்ளே ஒன்றும் இல்லை. மடிப்பில் ஒரு குறையும் இல்லை. பரீட்சைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைக்கலாம், அவ்வளவு ஒழுங்கு. அந்த ஆறாவது கிளிப் எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெளிக்கிரகத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று கடையில் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஸ்லேட்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஓரன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். துணியின் ஒரு மடிப்பு அவன் மடியில் கிடந்தது. தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மத்த அஞ்சு கிளிப்பும் உங்ககிட்டத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"இந்த அறையில நீங்க மட்டும்தான் இருந்தீங்க."

"ஆமா, ஓரன்."

"அதுல ஒண்ணை உள்ள போட்டு வச்சிருக்கலாமே, அடெலினா."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். அவன் மெல்ல எழுந்து, மடியில் கிடந்த துணியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, எதையும் மிதித்துவிடாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.